இடப்பக்கத்துக் கல்

பிப்ரவரி 6

அன்பு வாயாடிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அண்ணிக்கு மட்டும் முட்டிவலி. பட்டறைக்கு ஏறுகிற மாடிப்படியைத் திட்டினால் பாதி குறைகிறதாம். பட்டாணிக்குப் பல் முளைத்துவிட்டதா? நீ தூங்குகிறாயா? இரண்டாவது கேள்விக்குப் பொய் எழுதாதே.

இந்தப் பார்சலில் இரண்டு பொட்டலம். இரண்டும் நீலக்கல். வெறும் பென்சில் எழுத்து உள்ளது நம் கல்: 2.11 காரட், மண்ணிலிருந்து எடுத்த நாள்முதல் நெருப்பைப் பார்க்காதது. சிவப்புக் கோடு போட்டது விற்க அல்ல, மாதிரிக்கு. அது உலையில் வைத்து நிறம் ஏற்றிய கல், 2.14.

சூடு காட்டிய கல்லுக்கும் காட்டாத கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆன்லைனில் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கல்லுக்குள்ளே மெல்லிய பட்டு இழைகள் இருக்கும். சூடு பட்டால் உருகிப் புள்ளி புள்ளியாகிவிடும். அது மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். ஆகவே இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போடு. கீழே இப்படி எழுது: "உங்கள் கண்ணை நம்பாதீர்கள். எங்கள் வாயையும் நம்பாதீர்கள். அறுபது நாளுக்குள் எந்தப் பரிசோதனைக்கூடத்தில் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள்." விற்கிறவனே இப்படிச் சொன்னால்தான் வாங்குகிறவன் உட்கார்ந்து கேட்பான்.

ஒரு மேசையில் ஒரு பொட்டலம்தான் திறக்கலாம் என்று உனக்குச் சொன்னவன் நான்தான். இந்த ஒரு தடவை விதிவிலக்கு. மூடுமுன் இரண்டையும் மறுபடி எடைபோடு.

பதில் கடிதமாகவே வரட்டும். போனில் சொன்னதை யாரும் இல்லை என்றுவிடலாம். கல் விஷயம் என்றைக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் பட்டாணியை மட்டும் பேச விடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

பட்டாணிக்குக் கீழே இரண்டு பல். என் தோள்பட்டையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அண்ணியின் முட்டிக்கு என் சார்பில் ஆறுதல் சொல்லுங்கள். படிக்கட்டுக்கு என் சார்பில் ஒரு உதை.

நான் தூங்குகிறேன். பொய் இல்லை. நடுநடுவே எழுந்து அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். நேற்று ஏழு தடவை. போன மாதம் எண்ணுவதையே விட்டிருந்தேன், ஆகவே இது முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டோ எடுத்தாயிற்று. ஜன்னலோரம் இஸ்திரி மேசையில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டையும் வைத்தேன். முதல் படத்தில் வெளிச்சம் சரியில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று இன்னொன்று எடுத்தேன். பட்டாணி என் இடுப்பில் இருந்துகொண்டு கல்லைத் தின்னப் பார்த்தாள். எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

நல்ல செய்தி: படத்தைப் போட்ட ஒரே வாரத்தில் 2.11 விற்றுவிட்டது! வாங்கியவர் ஒரு பல் டாக்டர். போனில் அவரே பேசினார். "நாள் பூரா நான் பார்க்கிறது என்னன்னு நினைக்கிறீங்க? அடைச்சது, மூடினது, வெளுத்தது. ஒரு பொருளாவது பிறந்தபடியே என் கையில இருக்கட்டும்னு தோணுச்சு." எவ்வளவு அழகாகச் சொல்கிறார் பாருங்கள்.

உத்தரவாத அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். "இந்தக் கல் இயற்கையானது, சூடு உட்பட எந்த மாற்றமும் செய்யப்படாதது. இதற்கு நான் பொறுப்பு." கீழே என் முழுப் பெயர். இது இருபதாவது அட்டை. வேலையை விட்டபின் என் முழுப் பெயரை நான் எழுதுவது அந்த அட்டையில் மட்டும்தான். மற்ற எல்லா இடத்திலும் நான் பட்டாணியின் அம்மா.

மாதிரிக் கல்லைச் சிவப்புக் கோட்டுப் பொட்டலத்திலேயே மடித்து இதனுடன் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை


மார்ச் 2

வாயாடிக்கு,

சுகம். மாதிரிக் கல் வந்தது, இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

மூச்சு விடுகிற பிள்ளையை எழுப்பி "மூச்சு விடுறியா?" என்று கேட்கிற ஒரே அம்மா நீதான். விரலை எடு. அவளும் தூங்கட்டும், நீயும் தூங்கு.

இருபதாவது அட்டை என்று எண்ணி வைத்திருக்கிறாயே! உன் அண்ணியிடம் காட்டினேன். "நம்ம கல்லுக்கு நீங்க கையெழுத்துப் போட்டா கிறுக்கல் மாதிரி இருக்கும், அவ போட்டா சர்க்கார் முத்திரை மாதிரி இருக்கு" என்கிறாள். பாராட்டா, என்னை இடித்துரைக்கிறாளா, தெரியவில்லை. இரண்டும்தான்.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அண்ணிக்கு மட்டும் என் விசாரிப்பு.

பல் டாக்டர் கல்லைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்திருக்கிறார். முடிவு வந்துவிட்டது. நகல் இத்துடன். மூன்றாவது வரியைப் படியுங்கள்: "வெப்பத்தால் நிறம் மேம்படுத்தப்பட்டதற்கான தெளிவான அடையாளங்கள்." அந்த வரியை நான் முப்பது தடவை படித்துவிட்டேன். வேறு எதுவும் கண்ணில் ஏறவில்லை.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. போனில் நிதானமாகக் கேட்டார்: "நான் கத்தலை. கத்துறதுக்கு நீங்க எனக்கு யாரு? அட்டையில இருக்கிற கையெழுத்து உங்களுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

என்னுடையதுதான் என்றேன்.

"அப்ப நீங்க கல்லைப் பார்த்துட்டுப் போட்டீங்களா, பார்க்காமலே போட்டீங்களா?"

எனக்கு மைக்ராஸ்கோப் இல்லை, என் அண்ணன் பார்த்தார், அவர் பார்த்தால் போதும் என்று போட்டேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக இந்த வீட்டிலேயே இருக்கிறது. சமையலறையில் இருக்கிறது, துணி காயப்போடுகிற கொடியில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது? உங்களை யாராவது ஏமாற்றினார்களா? கல் கொண்டுவருகிறவர் சூடு பட்டதைக் கலந்து கொடுத்தாரா? நீங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா, இல்லையா? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 19

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரிசோதனைத் தாளையும் பார்த்தேன்.

தவறு என்னுடையது. கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவருக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிடு. என் சார்பில் மன்னிப்புக் கேள். எப்படி நடந்தது என்று கேட்காதே. இனி நடக்காது.

பட்டாணி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? நீ வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

நான்கு வாரம் காத்திருந்தேன். தபால்காரர் படியேறும் சத்தத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். வந்தது ஆறு வரி. அதில் இரண்டு வரி பட்டாணிக்கும் சாப்பாட்டுக்கும்!

"எப்படி நடந்தது என்று கேட்காதே." யாரைப் பார்த்து? கல் விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? எழுது அண்ணா. எழுத்தில் கொடு. (ஒருமையில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன், இருக்கட்டும்.)

பதினாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். "என் தராசுத் தட்டில் சூடு பட்ட கல் ஏறாது" என்று நீங்கள் சொன்னதை நான்தான் நம் ஆன்லைன் பக்கத்தின் முதல் வரியாகப் போட்டேன். அதைப் படித்துவிட்டுத்தான் முகம் தெரியாத மனுஷர்கள் பணம் அனுப்புகிறார்கள். உங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அட்டையில் இருப்பது என் பெயர். இப்போது அவர்கள் வீட்டில் பொய்க்காரி யார்? உங்கள் மைக்ராஸ்கோப்பா?

பல் டாக்டருக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன். கல் இத்துடன் வருகிறது. எடுத்துக் கண்ணாடி மாதிரி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். மற்ற பத்தொன்பது பேருக்கும் எழுதினேன். "ஒரு கல் சூடு பட்டதாகத் தெரியவந்துள்ளது. உங்கள் கல்லைப் பரிசோதித்துப் பாருங்கள். முடிவு எதுவானாலும் நான் பதில் சொல்கிறேன்." விற்பனை நிறுத்தம் என்று நம் பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். கேட்காதே என்று சொன்னது நீங்கள்தான்.

தங்கை


மே 12

வாயாடிக்கு,

கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. பத்தொன்பது பேருக்கும் எழுதியது சரிதான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே வெயில் அதிகம். பட்டறைக்குக் கீழே இருக்கிற சாவிக்கடைக்காரன் நாலு நாளாக எதையோ அறுத்துக்கொண்டிருக்கிறான், காது அடைத்துவிட்டது. பட்டாணிக்கு ஒரு குல்லாய் பின்னியிருக்கிறாள் உன் அண்ணி. வெயில் காலத்தில் எதற்கு என்றேன், முறைத்தாள்.

நீ தூங்குகிறாயா?

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

குல்லாய் வந்தது. அண்ணிக்கு நன்றி. பட்டாணி அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். ஆமாம், நடக்கிறாள்.

ஆறு பேர் பரிசோதித்துவிட்டார்கள். ஆறும் சுத்தம். சூடு படாதது. சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு இன்னும்தான் எரிகிறது. ஆறும் சரியாக இருக்கும்போது ஒன்று மட்டும் எப்படித் தவறும்? கண் தவறினால் இரண்டு மூன்று தவறியிருக்கும். ஒன்றே ஒன்று என்றால் அது தெரிந்து செய்ததாகத்தானே இருக்க வேண்டும்?

இதை எழுத எனக்குக் கை நடுங்கவில்லை. நடுங்க வேண்டும் என்று காத்திருந்தேன், நடுங்கவில்லை.

"உங்க அண்ணனோட சண்டை ஆரம்பிச்சதுல இருந்து நீ நல்லாச் சாப்பிடுற" என்று இவர் கிண்டல் செய்கிறார். நான் இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

வெயிலைப் பற்றி எழுதுகிறீர்கள். சாவிக்கடையைப் பற்றி எழுதுகிறீர்கள். என் கேள்விக்கு மட்டும் வாயில் பூட்டு. நம் அப்பா போனபின் பள்ளிக்கூடப் படிவத்தில் என் பாதுகாவலர் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே நான் வளர்ந்தேன். என் கையெழுத்துக்குக் கீழே நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள்.

மீதி அட்டைகளை இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். இனி என் பெயர் இல்லை. உங்கள் கல்லுக்கு நீங்களே பொறுப்பு. பட்டாணியின் பிறந்தநாளுக்கு வர வேண்டாம்.

தங்கை


ஜூன் 14

வாயாடிக்கு அண்ணி எழுதுறது,

குழந்தைக்கு என் முத்தம். உனக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். நான் எழுதுறது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும்.

பிறந்தநாளுக்கு வராதேன்னு எழுதினியே, அதைப் படிச்சுட்டு மனுஷன் நாள் பூரா கல் அறுக்கிற சக்கரத்துக்கு முன்னால சும்மா உட்கார்ந்திருந்தார். சக்கரம் சுத்துது, கையில கல் இல்ல. அப்பத்தான் முடிவு பண்ணினேன், இவர் வாயைத் திறக்க மாட்டார், நான் திறந்துடறதுன்னு.

நீ முப்பது தடவை படிச்ச அந்தத் தாளை எடு. மூணாவது வரியை விடு. முதல் வரியைப் படி. எடை என்ன போட்டிருக்கு? 2.14. நீ பல் டாக்டருக்கு அனுப்பின அட்டையில என்ன எழுதின? 2.11.

புரியுதா? டாக்டர் கைக்குப் போனது மாதிரிக் கல். சிவப்புக் கோடு போட்ட பொட்டலத்துல இங்க வந்து சேர்ந்தது நம்ம நல்ல கல். உன் தாளைப் பார்த்த நிமிஷமே உன் அண்ணன் இழுப்பறையைத் திறந்து எடை போட்டார், மைக்ராஸ்கோப்ல வச்சார். "வந்து பாரு"ன்னு என்னையும் கூப்பிட்டார். பார்த்தேன். இழை ஒண்ணுகூட உருகல. இவர் ஏமாத்தல. கல் கொண்டுவர்றவரும் ஏமாத்தல. உன் இஸ்திரி மேசையில மாறிப்போச்சு.

"அவகிட்ட சொல்லுங்க"ன்னேன். "வேணாம், ஒரே மேசையில ரெண்டு பொட்டலம் திறக்கச் சொன்னவன் நான், தப்பு என்னுதுதான்"னார். "அது பாதி, மீதி?"ன்னேன். அதுக்கு அவர் சொன்னதைக் கேளு. "பிள்ளை பிறந்ததுல இருந்து அவ பயத்துலயே இருக்கா. வேலையையும் விட்டுட்டா. இந்த அட்டையில கையெழுத்துப் போடறதுதான் அவளை நிமிர்த்தி வச்சிருக்கு. அதுவும் தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா இனிமே எதையும் தொட மாட்டா. என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

உன் கோபக் கடிதத்தை எல்லாம் ரெண்டு தடவை படிப்பார். "இதுல எங்கயாவது குழந்தை மூக்குல விரல் வச்சேன்னு எழுதியிருக்காளா பாரு, இல்ல!"ன்னு சந்தோஷம் வேற. இந்தக் கூத்தை நான் எங்க போய்ச் சொல்ல?

ஆனா நீ எழுதின பத்தொன்பது கடிதம் என்ன பண்ணிச்சுன்னு உனக்குத் தெரியாது. அதுல ஒருத்தர் கல் வியாபாரியாம். விஷயம் கைமாறிக் கைமாறிக் கல் கொண்டுவர்றவர் காதுக்குப் போச்சு. "என் கல்லைச் சூடு பட்டதுன்னு ஊரெல்லாம் எழுதிட்டீங்க"ன்னு வாசல்ல நின்னு கேட்டார். உன் அண்ணன் அவர்கிட்டயும் கல் உன் கையில மாறினதைச் சொல்லல. பதினாலு வருஷமா அந்த மனுஷன் கல்லை முதல்ல இவருக்குக் காட்டிட்டுத்தான் மத்தவங்களுக்குக் காட்டுவார். இப்ப எல்லாரும் பொறுக்கின மிச்சம்தான் இங்க வருது.

நீ பயப்படுவேன்னு அவர் பயப்படறார். எனக்கு அந்தப் பயம் இல்ல. என்னைத் திட்டணும்னா திட்டு, நான் திருப்பித் திட்டுவேன்.

அண்ணி


ஜூன் 19

அண்ணா,

அண்ணி எழுதிவிட்டார். அவரிடம் கோபப்படாதீர்கள். நம் வீட்டில் என்னைப் பெரிய மனுஷியாக மதித்தது அவர் ஒருவர்தான்.

பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் தாளின் மேல்பக்கத்திலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டாவதில் கீழிருந்து மேலே ஏறுகிறது. வெளிச்சத்துக்காக நான் மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்றேன் அல்லவா? கல் இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் மாறினேன். "இடப்பக்கம் நம்முடையது" என்று மனசில் போட்டு வைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் நின்றபடியே இடப்பக்கத்துக் கல்லை எடுத்து 2.11 பொட்டலத்தில் மடித்தேன். முதலில் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அது வலப்பக்கத்துக் கல், மாதிரிக் கல்.

படத்துக்குக் கீழேயும் அப்படியே தலைகீழாக எழுதியிருக்கிறேன். நான்கு மாதமாக நல்ல கல்லைச் சூடு பட்டது என்றும், சூடு பட்டதை நல்ல கல் என்றும் உலகத்துக்குக் காட்டியிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அண்ணியும் அறியமாட்டார். மூடுமுன் மறுபடி எடைபோடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. பட்டாணி வீறிட்டாள், அப்புறம் போடலாம் என்று மடித்துவிட்டேன், அப்புறம் மறந்தேன். உங்களுக்கு "எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன்" என்று எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. பல் டாக்டர் போன் செய்த அன்றைக்கே அந்த ஒரு நொடி எனக்கு ஞாபகம் வந்தது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான் உங்களைப் பார்த்துக் கத்தினேன். சத்தமாகக் கத்தினால் அது கேட்காது என்று.

ஆகவே தப்பு என்னுடையது. அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கோபம் இன்னும் போகவில்லை அண்ணா, திசைதான் மாறியிருக்கிறது. என் பெயருக்குப் பொறுப்பு நான் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தவர் நீங்கள். அது உண்மையாக வேண்டிய முதல் நாளிலேயே பிடுங்கிக்கொண்டீர்கள். உங்களைத் தெரிந்தே ஏமாற்றியவர் என்று எழுதவிட்டு, அதைப் படித்துவிட்டு, நான் நன்றாகத் தேறிவருகிறேன் என்று மகிழ்ந்திருக்கிறீர்கள்! நான் என்ன, மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டிய பிள்ளையா? உங்களுக்கு அப்படி ஒரு வார்த்தை எழுதினேன் என்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நீங்கள் அதைத் தடுத்திருக்கலாம். ஒரு எண்ணை எழுதியிருந்தால் போதும். 2.14.

பத்தொன்பது பேருக்கும் மறுபடி எழுதிவிட்டேன். "கல்லை மாற்றி அனுப்பியது நான். எடைபோடாததும் நான். என் அண்ணனின் கல்லிலும், அதைத் தந்தவரின் கல்லிலும் குறை இல்லை." கீழே முழுப் பெயர்.

பல் டாக்டரிடம் நேரில் போனேன். பட்டாணியையும் தூக்கிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "வலது இடதா? இந்த நாற்காலியில உட்கார்றவங்க வலது எனக்கு இடது. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். நீங்க ஏன் சொல்லிக்கலை?" என்றார். பட்டாணியை மறு இடுப்புக்கு மாற்றினேன். "சரி, அந்த நல்ல கல் இருக்கா? இருந்தா அனுப்புங்க. ஆனா மறுபடி பரிசோதனைக்குக் கொடுப்பேன். செலவு உங்களுது. உங்க மேல இரக்கப்பட்டு வாங்கலை, எனக்கு அந்தக் கல் வேணும், அதான்." சிரிக்கவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பட்டறையில் வேறு யாராவது எடைபோடாமல் பொட்டலம் மடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதைச் சொல்லுங்கள். "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை அதில் இருந்தாலும் அட்டைகளைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

பட்டாணி சுகம். மூச்சு விடுகிறாள். நான் பார்க்கவில்லை, சத்தம் இங்கே வரை கேட்கிறது.

தங்கை


ஜூலை 1

வாயாடிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். விசாரிப்பு அவ்வளவுதான்.

திட்டு கேட்டாயல்லவா? நாலு தாள் கிழித்துப் போட்டேன், ஐந்தாவது இது. உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, மென்மையாக ஒரு வார்த்தை விழுந்தால் அடிக்கச் சொல்கிறாள்.

எடைபோடாமல் பொட்டலம் மடிக்கிறவளுக்குக் கல்லைத் தொட என்ன தகுதி? உப்பா புளியா அது, கைக்குத் தோன்றியபடி அள்ளிப் போட? பிள்ளை அழுதால் கல்லை அப்படியே வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போ. அவளைச் சமாதானப்படுத்திவிட்டு அரை மணி கழித்து வா. கல் எங்கேயும் ஓடாது, அது மண்ணுக்குள் எத்தனையோ யுகம் காத்திருந்ததுதான். செய்யாததைச் செய்தேன் என்று எழுதினாய் பார், அது எடைபோடாததைவிடப் பெரிய தப்பு. எழுத்தில் இருந்தால் பொய் வராது என்றுதானே கடிதம் எழுதச் சொன்னேன்? எழுத்திலேயே பொய் சொல்லக் கற்றுக்கொண்டாய்.

அடுத்தது. கையில் தாள் இருக்கிறது. முதல் வரியில் எண் இருக்கிறது. படித்த பெண்! மூன்றாவது வரியை முப்பது தடவை படித்தாயாம். முப்பதில் ஒரு தடவை முதல் வரியைப் படித்திருந்தால் இந்த நாலு மாதம் இல்லை.

பத்தொன்பது பேருக்கு எழுதியது சரி என்று எழுதினேனே, அது பொய். எனக்குக் கொதித்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தட்டில் இருக்கிற எல்லாக் கல்லின் மேலும் சேற்றை வாரி இறைத்தாய். நான் கேட்காதே என்று எழுதியது என் தப்பு. அதற்கு உன் அண்ணி எனக்குத் தனியாகக் கொடுத்துவிட்டாள், நீ பங்கு கேட்காதே.

இனி உண்மையாகவே எரிந்ததைச் சொல்கிறேன். நான் தெரிந்தே செய்தேன் என்று எழுதினாய். கை நடுங்கவில்லை என்றும் எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் மகிழ்ந்ததாக உன் அண்ணி எழுதியிருக்கிறாள். அது முதல் இரண்டு கடிதத்துக்கு. இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. இருபது கல்லுக்கு என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவள், ஒரு கல்லுக்கு என்னைச் சந்தேகிக்க ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. முகம் தெரியாத பல் டாக்டர்கூட உன்னிடம் கேள்வி கேட்டார். நீ தீர்ப்பே எழுதினாய். எனக்கு அது ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதச் சொல்லாதே, நீதான் உண்மையைக் கேட்டாய்.

கல் கொண்டுவருகிறவர் இன்னும் முகம் கொடுக்கவில்லை. அதை நான் சரிசெய்யப் போவதில்லை, நீ செய். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அவருக்குப் படிக்க வராது. நானே போய் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். அழுகை வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எந்தப் பக்கம் நின்றாய், எந்தக் கல்லை எடுத்தாய், அதை மட்டும் எழுது. நடுவில் அவர் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்ல மாட்டேன். கேள்வியை எழுதி அனுப்புகிறேன், நீ பதில் எழுது. எத்தனை தடவை போக வேண்டியிருந்தாலும் போகிறேன்.

இந்தப் பார்சலில் பல் டாக்டரின் நல்ல கல். அதோடு நீ திருப்பி அனுப்பிய அட்டைகள் மொத்தமும். பிறந்தநாளுக்கு நாங்கள் வருகிறோம். நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் டிக்கெட் எடுத்தாயிற்று. வாசலில் நின்றே மீதியைத் திட்டுவேன்.

கல்லை எடைபோடு. இரண்டு தடவை. பிறகு கையெழுத்துப் போடு.

அண்ணன்